கட்சிக்காரருக்காக எதுவரை?

மாசாயில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் ஒடிந்த தொழிலாளியோ, தாமானில் வீடு வாங்க முன்பணம் கட்டியவரோ முதன்முதலாக ஒரு லாயர் ஆபீஸின் படியேறும்போது, காசு கொடுத்தவர் பக்கம் எப்படியாவது பேசிச் சாதிப்பதே லாயருடைய உத்தியோகம் என்னும் எண்ணத்தோடுதான் பெரும்பாலும் ஏறுகிறார்; அதில் பாதியைச் சட்டம் ஒப்புகிறது, மறுபாதியை மறுக்கிறது.

மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்கீழ் 1978-இல் பிறந்த தொழில் ஆசார விதிகள், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியே என்று தம் மனத்துக்குப் பட்டாலும், சட்டம் இடங்கொடுக்கும் எதிர்வாதம் அனைத்தையும் நேர்மையான மார்க்கத்தில் முன்வைக்க வேண்டுமென்று வக்கீலுக்குக் கட்டளையிடுகின்றன; நியாயஸ்தலத்தை வஞ்சிக்கலாகாது என்றும் அவையே விலக்குகின்றன. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றுவது, மௌனத்துக்கும் பொய்க்கும் உள்ள பேதத்தை நாம் கவனியாததால்தான். கட்சிக்காரர் அந்தரங்கமாகச் சொன்னதை வெளியிடாமல் காக்கும்படி 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே சொல்லுகிறது. ஆனால் சிவப்பு விளக்கைத் தாண்டியதாகத் தம்மிடம் ஒப்புக்கொண்டவரைக் கூண்டேற்றி, பச்சை விளக்கு எரிந்தது என்று சொல்லவைப்பது வேறு விஷயம். அதைவிடக் கட்சிக்காரருக்கு எரிச்சலூட்டும் கடமையும் ஒன்றுண்டு: நீதிபதியைக் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பு தமக்கு விரோதமாயிருந்து, எதிர்த்தரப்பு அதை மறந்தேவிட்டாலும், தெரிந்த வக்கீல் அதைத் தாமே எடுத்துக்காட்ட வேண்டும்.

எனினும், என் அபிப்பிராயத்தில், நேர்மைக்குக் கடுமையான சோதனை நீதிபதியின் கண்ணெதிரே நடப்பதன்று, மூடிய அறையில் நடப்பது. விபத்து நஷ்டஈடு பலவேளை வக்கீலின் கைவழியாகவே வருகிறது. அதைக் கட்சிக்காரர் பணத்துக்கென்றே உள்ள தனிக்கணக்கில் வைக்கவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் கணக்கு விதிகள் நிர்ப்பந்திக்கின்றன. வழக்கில் வென்றால் மட்டும் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்வதை வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆனால் காப்பிக்கடைகளில் ‘பெர்சென்ட்’ பேச்சு ஓய்ந்தபாடில்லை. வீடமைப்பு நிறுவனத்துக்காக வேலைசெய்யும் வக்கீல் அதே விற்பனையில் வாங்குபவருக்கும் வக்கீலாக இருப்பதை அதே சட்டத்தின் 84-ஆவது பிரிவு விலக்கியிருந்தும், நிறுவனம் காட்டிய லாயரையே தம் லாயராக நம்பிக் கையெழுத்திடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தவறு நேர்ந்தால் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்துக்கு எழுத்துமூலம் புகார் செய்யலாம்; அது வக்கீலை 5 ஆண்டுகள் வரை தொழிலிலிருந்து நிறுத்திவைக்கலாம், பெயரையே பட்டியலிலிருந்து நீக்கலாம். மோசம்போன பணத்துக்கு வழக்கறிஞர் மன்றத்தின் நஷ்டஈட்டு நிதி இருக்கிறது. உரிமையென்று அதைக் கேட்க முடியாது, மன்றம் தன் விருப்புரிமைப்படியே கொடுக்கும். தொழில் நடத்தும் வக்கீல்கள் ஆண்டுதோறும் செலுத்தும் பணமே அந்த நிதிக்கு ஆதாரம்.