கதே குடைந்து பார்க்கச் சொன்ன குன்று

செக் நாட்டின் மேற்கு ஓரம், செப் நகருக்குப் பக்கத்தில் கொமோர்னி ஹூர்கா என்றொரு சின்னக் குன்று. எரிமலை என்றால் நம்ப முடியாது, அவ்வளவு சாது. 1800களின் தொடக்கத்தில் இதை வைத்துப் பெரும் வாக்குவாதம் நடந்தது. பசால்ட் பாறை கடல்நீரில் படிந்தது என்றது ஒரு கட்சி. நெருப்பில் பிறந்தது என்றது மறுகட்சி. ஜெர்மன் கவிஞர் கதேவுக்குக் கல் ஆராய்ச்சியில் தீராத பித்து. பலமுறை வந்து பார்த்தவர், குன்றைக் குடைந்தால் உண்மை தெரிந்துவிடும் என்றார். 1832இல் அவர் இறந்தார். அவர் சொன்னபடியே ஸ்டெர்ன்பெர்க் என்ற பிரபு 1834 முதல் 1837 வரை ஆள் வைத்துக் குடைந்தார். பாறைக்குழம்பு ஏறிவந்த வாய் அகப்பட்டது. எரிமலைதான், ஆனால் அணைந்துபோனது. வழக்கு அத்தோடு முடிந்தது.

அதே வட்டாரத்து ஃபிரான்டிஷ்கோவி லாஸ்னேயில் சீமான்கள் குமிழியிடும் ஊற்றுநீரைக் குடித்தும் குளித்தும் உடம்பு தேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குமிழியை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் பயனில்லை, அதற்குள் இருந்து சாட்சி சொல்லும் ஹீலியம் பூமியில் கண்டறியப்பட்டதே 1895இல்தான்.

இன்று விசாரணை குமிழியிடம்தான். அதே வட்டாரத்தில் புப்லாக் என்ற இடத்தில் குட்டை கொதிப்பதுபோல் பொங்கும், தொட்டால் சில்லென்றிருக்கும். வருவதில் 99 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்கி, பூச்சிகளையும் சிறு பறவைகளையும் கொன்றுவிடுகிறது. இதுபோன்ற ஊற்றுகளில் நீருக்குள் புனலைக் கவிழ்த்து வாயுவைப் பிடிப்பார்கள். ஹீலியத்தைக் காப்பாற்றச் செப்புக் குழாய் நல்லது. இரு முனையையும் நசுக்கிவிட்டால் போதும். கண்ணாடியில் அது மெல்லக் கசிந்துவிடும்.

ஹீலியம்-3 பூமி உருவானபோதே ஆழத்தில் சிக்கிக்கொண்டது. ஹீலியம்-4 அப்படியல்ல, யுரேனியமும் தோரியமும் சிதையச் சிதைய மேலோட்டுப் பாறைகளில் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் வெறும் மேலோட்டு வாயுவில் முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள விகிதம், காற்றில் இருப்பதில் ஐம்பதில் ஒரு பங்குதான். புப்லாக்கிலோ காற்றைப்போல் சுமார் 6 மடங்கு! ஐரோப்பாவுக்கு அடியில், மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கின் அளவும் ஏறக்குறைய அதுவே. வழியில் கலப்படமே இல்லாமல் நேராக வருகிறது என்று அர்த்தம். அந்த விகிதம் ஆண்டுகள் போகப்போக உயர்ந்திருப்பதைக் கண்ட கரின் ப்ரோயர் குழுவினர், அடியில் புதுக் குழம்பு ஏறுகிறது என்று 2005இல் எழுதினார்கள். உயிருள்ள எரிமலையே இல்லாத வட்டாரத்தில்!

பக்கத்து நோவி கோஸ்டெலில் 1985–86, 2000, 2008 என்று சிறு நிலநடுக்கங்கள் கூட்டங்கூட்டமாக வந்துபோயின. ஆனால் அடியில் ஏறும் குழம்பு எவ்வளவு, மேலே எட்டுமா என்பதற்கெல்லாம் ஹீலியத்திடம் பதில் கிடையாது. இதைச் சொல்லாமல் பீதி கிளப்பும் செய்திகளை நான் நம்புவதில்லை. நில அதிர்வுக்கு முன்னும் பின்னும் வாயு எப்படி மாறுகிறது என்று பார்க்க, ஹார்டௌஷோவில் ஆழ்துளை போட்டுக் கருவி வைத்து அளந்துவருகிறார்கள்.