இசைத்தட்டும் அதன் உறையும்

இசைத்தட்டுச் சேகரிப்போர் பலருண்டு. உறையைப் பேணுவோர் மிகச் சிலரே. 78 சுற்றுத் தட்டுகளின் காலத்தில் உறை என்பது பெரும்பாலும் நடுவே வட்டத் துளையிட்ட பழுப்புத் தாள்தான். ஓவியம் தீட்டிய மேலட்டையை 1940-இல் பரவச் செய்தவர், அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். அழகில் அதற்கு இது ஈடன்று.

ஆயினும் நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றுக்கு அந்தப் பழுப்புத் தாளே உற்ற சான்று. தட்டின் நடுச்சீட்டு பாடியவர் பெயரைச் சொல்லும். அது சிரம்பானில் விற்றதா, சென்னையிலிருந்து பெட்டியில் வந்ததா என்பதை உறையிலுள்ள கடை முத்திரையே சொல்லும். கிட்டப்பாவின் குரல் ரப்பர்த் தோட்டத்து லயத்துக்கு வந்த வழி அதில் இருக்கிறது. லயத்தைக் காலி செய்தவர்கள் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, கசங்கிய தாளை எறிந்துவிட்டால் அந்த வழி அழிந்தது.

இந்நாளில் சிறு இசைக்குழுக்கள் சில நூறு படிகளே வெளியிடும் தட்டுகளுக்கும் இது பொருந்தும். ஓவியர், ஒலிப்பதிவாளர் பெயர்கள் பலவேளை அட்டையில் மட்டுமே இருக்கும். கைப்பேசியில் பாட்டு கிடைக்கும், அவை கிடைப்பது அரிது.

பழந்தட்டு அரக்கால் ஆனது. சாராயம் கலந்த நீர்மம் பட்டால் கரையும். உலர்ந்த மென்துணியே போதும். தட்டுகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். உறையை இறுக்கமான பிளாஸ்டிக் பையில் அடைத்தால், இந்நாட்டு ஈரத்தில் பூசணம் பற்றும்.