மறைந்த சிரையும் காணா ஒளியும்

மருந்து எத்துணைச் சிறந்ததாயினும், அது உட்செல்லும் வழி அகப்படாதாயின் பயன் தராது. வாந்தியும் பேதியும் கண்டு சோர்ந்த குழவிக்கு உப்புஞ் சர்க்கரையுங் கலந்த நீரை வாய்வழி ஊட்டுதலே முதற் சிகிச்சையாம். அதனையும் பருகவியலாத நிலையில் சிரைவழியே உப்புநீர் ஏற்றுதல் வேண்டும். அந்நிலையிலோ, உடலின் நீர் வற்றினமையாற் சிரைகள் சுருங்கி மறைந்துவிடும். "நரம்பு அகப்படவில்லை" என்னுஞ் சொற் கேட்டு நடுங்காத தாய் யார்? மக்கள் வழக்கில் நரம்பு எனப்படும் இதனையே மருத்துவ நூலோர் சிரை என்பர். உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு வேறு. இரத்தத்தை இதயத்திற்கு மீட்டுக் கொணரும் சிரை வேறு.

கொல்லிமலையின் எடப்புளி நாடு போன்ற இடங்களில் இவ்விடர் பின்னும் பெரிதாம். காரவள்ளி வழியே மலையேறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள. ஒரு சிரை அகப்படாமையால் நோயாளியைக் கீழ்நாட்டிற்கு அனுப்ப நேரின், கழியும் ஒவ்வொரு நாழிகையும் உயிரின் விலையாகும்.

இவ்விடரைக் குறைக்க ஒளிநூல் ஓர் உபாயங் காட்டியுள்ளது. 1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷெல் என்னும் வானநூற் புலவர், முப்பட்டைக் கண்ணாடி பிரித்த ஞாயிற்றொளியிற் செந்நிறத்திற்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். கண்ணுக்கு ஒளியே தோன்றாத அவ்விடத்தும் வெப்பம் ஏறக் கண்டார். அதுவே அகச்சிவப்புக் கதிராம். அதனுட் செந்நிறத்தை அடுத்த பகுதி, தோலினூடு சில மில்லிமீட்டர் ஆழம் புகவல்லது. கண்ணுக்குத் தோன்றும் ஒளியைத் தடுக்குமளவு தோலின் கருநிறம் இக்கதிரைத் தடுப்பதில்லை. ஆயின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள், சூழ்ந்த தசையினும் மிகுதியாக இதனை உறிஞ்சும்.

இவ்வியல்பைக் கொண்டே கைக்கடக்கமான சிரைகாண் கருவிகள் அமைந்துள்ளன. கருவியைத் தோலிற் படாமல் ஒரு சாண் அளவு உயரத்திற் பிடிப்பர். அது கதிரைச் செலுத்தி, மீண்டுவரும் கதிரை உணர்ந்து, அவ்வுருவைப் பச்சை அல்லது செந்நிற ஒளியால் அத்தோலின்மேலேயே வரைந்து காட்டும். கதிரை உறிஞ்சிய சிரைகள், ஒளியினிடையே கருங்கோடுகளாகத் தோன்றும். மின்கலத்தால் இயங்குதலின், மின்சாரம் நின்றுழியும் இது பயன்படும்.

எனினும், இக்கருவி வாய்த்தவுடன் இடரெல்லாம் தீர்ந்ததென யாம் கூறோம். ஆழத்துச் சிரைகளை இது காட்டாது; தோன்றிய சிரை எத்துணை ஆழத்ததென்றும் அறிவியாது. குழந்தைகளிடத்து நிகழ்ந்த ஆராய்ச்சிகளின் முடிவுகளும் ஒருபடித்தாயில்லை. எல்லாக் குழந்தைகளையும் ஒருங்கு நோக்குங்கால் முதற் குத்திலேயே ஊசி ஏறுதல் பெரிதும் மிகவில்லை. சிரை காண்டற்கரியாரிடத்தே பயன் தோன்றிற்று. ஆதலின், கண் கண்டதை விரல் தடவித் தேர்தல் இன்றும் இன்றியமையாதது.

விரலின் உணர்ச்சி எத்தகைய செல்வமென்பதை உலகிற்கு உணர்த்தியவருள் ஒருவர் இம்மலையில் வளர்ந்தவரே. ஜெஸ்ஸி பிராண்டு, எவெலின் பிராண்டு என்னும் தம்பதிகள் கொல்லிமலையிற் றங்கி மருத்துவத் தொண்டு புரிந்தனர். ஜெஸ்ஸி 1929 இற் காய்ச்சலால் உயிர்நீத்தார். அவர்தம் மைந்தர் பால் பிராண்டு, 1946 முதல் வேலூரிற் பணியாற்றித் தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்தினார். உணர்ச்சியிழந்த கை காயப்பட்டு அழிதலையும் விளக்கினார்.

மருத்துவத்துறை புகும் நம் மாணவர் இதனை உள்ளத்திற் கொள்வாராக. கருவி வழியைக் காட்டும். அவ்வழியே நோவின்றி ஊசியைச் செலுத்துவது பயின்ற கையும் பொறுமையுள்ள நெஞ்சுமேயாம். மலைமேல் அனுப்பத்தக்கவை இம்மூன்றும் ஒருங்கே என்பது எம் கருத்து.