ஹைபிரிட் பருத்தி: செடி பெருசு, மகசூல் பெருசா?

நாம போட்டிருக்கிற காட்டன் சட்டையில இருக்கிற ஒவ்வொரு பருத்தி இழையும் ஒரே ஒரு செல்தான். விதைத் தோலிலிருந்து கிளம்பி, சுமார் மூணு வாரம் நீளமா வளர்ந்து, அப்புறம் உள்ளே செல்லுலோஸ் படிஞ்சு கெட்டியாகும். இழை நீளமாவும் மெல்லிசாவும் இருந்தாதான் சன்னமான நூல் நூற்க முடியும்.

சிக்கல் என்னன்னா, நிறைய காய்க்கிற ஹிர்சூட்டம் இனத்துக்கு இழை நடுத்தர நீளம்தான். இழை நீளமா இருக்கிற பார்படென்ஸ் இனமோ காய்ப்பில் குறைவு. ரெண்டுக்கும் குரோமோசோம் 52 என்பதால் ஒட்டுச் சேர்க்க முடியும். அப்படிப் பிறக்கிற முதல் தலைமுறைச் செடி பெற்றோர் ரெண்டையும் மிஞ்சி வளரும். இதைத்தான் ஹைபிரிட் வீரியம் என்கிறோம்.

உலகிலேயே முதன்முதலா வணிகரீதியில் சாகுபடிக்கு வந்த ஹைபிரிட் பருத்தி எச்-4. 1970-ல் சூரத்தில் டாக்டர் சி.டி. பட்டேல் உருவாக்கினார். அதில் தாய், தந்தை ரெண்டுமே ஹிர்சூட்டம். 1972-ல் தார்வாடிலிருந்து வந்த வரலட்சுமிதான் ரெண்டு இனங்களையும் இணைத்த ஹைபிரிட்.

இதோட விதை உற்பத்தி முழுக்கக் கைவேலை. பருத்திப் பூவில் ஆண், பெண் பாகம் ரெண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால நாளைக்கு மலரப்போற மொட்டை இன்னிக்குச் சாயங்காலமே கண்டுபிடிச்சு, கட்டைவிரல் நகத்தால் இதழையும் மகரந்தப் பகுதியையும் சேர்த்து உரிச்சு எடுத்து, மூடி வைப்பாங்க. மறுநாள் காலையில் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தடவுவாங்க. ஒவ்வொரு பூவுக்கும் இதே வேலை! சரி, காய்ச்ச விதையை விவசாயி எடுத்து வெச்சு அடுத்த வருஷம் விதைக்கலாமே? விதைக்கலாம், ஆனா ரெண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரிஞ்சு, ஒரு செடி உயரம், ஒரு செடி குட்டை, இழையும் பலவிதம் என்று ஆகிடும். அதனால வருஷா வருஷம் விதை வாங்கணும்.

இங்கதான் கணக்கு இடிக்குது. விதை விலை அதிகம், செடியும் படர்ந்து வளரும்; அதனால தள்ளித் தள்ளி விதைப்பாங்க. 90×60 செ.மீ. இடைவெளியில் ஹெக்டேருக்குச் சுமார் 18,500 செடி. அதையே 90×15 செ.மீ. ஆக்கினா சுமார் 74,000. பிரேசிலில் பெரும்பாலும் மானாவாரிதான்; ஆனா ஹைபிரிட் இல்லாத சாதாரண ரகங்களை நெருக்கி விதைச்சு, ஹெக்டேருக்கு நம்மைப்போல மூணு மடங்குக்கும் மேல பஞ்சு எடுக்கிறாங்க. மண், மழை, பராமரிப்பு எல்லாத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் ஒரு செடி எவ்வளவு காய்க்குது என்பதும் ஒரு ஹெக்டேர் எவ்வளவு தருது என்பதும் வேற வேற கேள்விகள்.

தரத்துக்கும் ஹைபிரிட் ஒண்ணுதான் வழின்னு இல்ல. 1974-ல் கோயம்புத்தூரில் வெளியான சுவின், ஒட்டுச் சேர்த்து, பல தலைமுறை தேர்வு செய்து, குணம் நிலைப்படுத்தின ரகம். 120-ஆம் நம்பர் நூலுக்கே தாங்குற இழை அது. விதையையும் எடுத்து வெச்சுக்கலாம்.

நெருக்கி விதைக்கணும்னா குட்டையான, ஒரே சமயத்தில் காய் வெடிக்கிற ரகம் வேணும். அது பிரீடர்கள் வேலை. ரெண்டு ஏக்கர் நிலத்துக்குள்ள திரும்பக்கூடிய, விலை கட்டுப்படியாகிற பஞ்சு எடுக்கும் மெஷினும் வேணும். அது யார் வேலை? மெக்கானிக்கல் மக்களே, ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு டாபிக் தேடிட்டு இருந்தா, இதை யோசிங்க!