தரங்கம்பாடிப் புதிய எருசலேம் கோயிலும் தமிழும்

தோற்றுவாய்

கோவின் இல்லம் கோயில். அரசன் உறையும் மனையைக் குறித்த அச்சொல் பின்னர் இறைவன் உறையும் இடத்துக்கு உரியதாயிற்று. தமிழ்க் கிறித்தவரும் தம் வழிபாட்டிடத்தை அச்சொல்லாலேயே வழங்கி வருகின்றனர். அச்சொல்லின் இருபொருளையும் ஒருங்கே நினைப்பூட்டும் கட்டடம் ஒன்று தரங்கம்பாடியில் உள்ளது. கி.பி. 1718-இல் திறக்கப்பெற்ற புதிய எருசலேம் கோயிலே அது. அதன் முகப்பில் தென்மார்க்கு மன்னன் நான்காம் பிரெடரிக்கின் முடியும் பெயரெழுத்துக் குறியும் விளங்குகின்றன. உள்ளே எழுந்ததோ தமிழ் வழிபாட்டின் ஒலி. இக்கோயிலின் வரலாறு தமிழ் உரைநடை வரலாற்றோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதையும், அப்பிணைப்பின் எல்லை யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் பெயரும்

‘தரங்கம்’ என்பது அலை. ஆதலின் ‘அலைகள் பாடும் ஊர்’ எனப் பெயர்க்காரணம் கூறுவாருளர். கேட்டற்கு இனிதாயினும் இது பொருந்துமாறில்லை. இங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டு, குலசேகர பாண்டியன் காலத்தது, இவ்வூரைச் சடங்கன்பாடி எனக் குறிக்கின்றது. ‘பாடி’ என்பது வாணியம்பாடி முதலியவற்றிற்போல ஊர்ப்பெயரீறே என்பது இதனாற் பெறப்படும். ஆகவே, அலையின் பாட்டு, பெயர் திரிந்த பின்னர்ப் புனையப்பட்ட விளக்கம் எனக் கொள்ளுதலே தகும்.

கி.பி. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் தென்மார்க்கு நாட்டாருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பயனாக இங்கு டேன்சுபோர்க்குக் கோட்டை எழுந்தது. வணிகராக வந்தவர் தம் மொழியில் வழிபடுதற்கு 1701-இல் சீயோன் கோயிலை அமைத்துக்கொண்டனர். ஊரிலே வாழ்ந்த தமிழர்க்கு அக்கோயிலின் மொழி விளங்காத மொழியாகவே இருந்தது.

முதற்கோயில்

1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் செருமானியர் இருவர் மன்னனால் அனுப்பப்பெற்று இங்கு வந்திறங்கினர். சீகன்பால்கு திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு உடனமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் பயின்றார். அழகப்பன் என்பார் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக உதவினார். அடுத்த ஆண்டிலேயே, 1707 ஆகத்து 14-ஆம் நாள், ‘எருசலேம்’ என்னும் சிறு கோயில் திறக்கப்பெற்றது.

இவரது தமிழ்ப்பணி கோயிற் சுவர்க்குள் அடங்கியதன்று. ஏட்டுச்சுவடிகளைத் திரட்டி, அவற்றிற்குக் குறிப்புரையோடு பட்டியல் வரைந்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். இடையே ஆளுநருடன் ஏற்பட்ட பிணக்கால் சில திங்கள் சிறையும் இருந்தார்.

அச்சு

இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும், ஆலே நகரில் வார்க்கப்பெற்ற தமிழ் எழுத்துகளும் 1713 அளவில் இங்கு வந்து சேர்ந்தன. ஆயின் எழுத்துகள் அளவிற் பெரியன. அவற்றால் அச்சிடின் தாள் மிகுதியும் செலவாகும். எனவே சிற்றெழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டி அடைத்துவந்த பெட்டிகளின் ஈயமும் அதற்குப் பயன்பட்டது. அருகிலுள்ள பொறையாற்றில் தாள் ஆலை ஒன்றும் நிறுவப்பெற்றது. புதிய ஏற்பாடு 1715-இல் அச்சில் நிறைவெய்திற்று. தமிழ் அச்சின் தொடக்கம் தரங்கம்பாடியன்று. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. எனினும், வழிபாட்டிடம், பள்ளி, அச்சகம், தாள் ஆலை ஆகிய நான்கும் ஓரிடத்தில் ஒன்றையொன்று தாங்கி நின்றமை தரங்கம்பாடிக்குரிய சிறப்பாகும்.

புதிய கோயில்

சபை பெருகவே முதற்கோயில் இடம் போதாதாயிற்று. 1717-இல் அரசர் தெருவில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1718 அக்டோபர் 11-ஆம் நாள் புதிய கோயில் திறக்கப்பட்டது. இது சிலுவை வடிவினது. நான்கு புயங்களிலும் அமர்ந்திருப்போர் நடுவே நின்று பேசுவான் குரலைக் கேட்டற்கு இவ்வமைப்பு ஏற்றது. இறைவனைக் காண்டலினும் உரையைக் கேட்டலே முதன்மையாகக் கொண்ட வழிபாட்டுக்கு இது பொருந்துவதை நோக்குக. நான்கு திங்களும் சில நாளும் கழித்து, 1719 பிப்பிரவரியில், சீகன்பால்கு காலமானார். அவர் உடல் இக்கோயிலிலேயே அடக்கப்பட்டது. மறுஆண்டு மறைந்த அவர்தம் துணைவர் கிருண்டலரும் இங்கேயே துயில்கின்றார்.

கோயிலில் வழங்கிய தமிழ்

செவிக்கென எழுந்த உரைநடை, செய்யுள் வழக்கையும் உரையாசிரியர் நடையையும் பின்பற்றல் அரிது. எழுத்தறியார்க்கும் பொருள் புலனாதல் வேண்டும். எனவே உலகவழக்கு மிகுந்த நடை பிறந்தது. இதனை வீரமாமுனிவர் கடுமையாக எள்ளினார். புலமை நோக்கில் அவ்வெள்ளல் நேரியதே. ஆயினும் அறிஞர் அவையத்தை நோக்கி எழுதப்படாத நடையை அவ்வவையின் அளவுகோலால் மட்டும் அளத்தல் முறையன்று.

அந்நடை தேங்கியும் நிற்கவில்லை. ஒரு சொல்லே இதற்குச் சான்று. பரம்பொருளைக் குறிக்கச் சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்பதை ஆண்டார். பின்வந்த பப்பிரீசியர் ‘பராபரன்’ என்றார். 1871-இல் வெளிவந்த திருத்தப் பதிப்பு ‘தேவன்’ என்றது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்கின்றது. வடசொற் பெருக்கினின்று தமிழ் வழக்கை நோக்கி வந்த நெடும்பயணம் இந்நான்கு சொற்களிலேயே அடங்கியுள்ளது.

ஒரு கூரையும் இருவேறு இருக்கையும்

மொழி அனைவர்க்கும் பொதுவாயிற்று, இருக்கை பொதுவாகவில்லை. ஒரே கூரையின்கீழ், ஒரே உரையைக் கேட்டோர், சாதிவாரியாகப் பிரிந்தே அமர்ந்தனர். கடலூரினரும் வேளாளருமான ஆரோன் 1733-இல் இங்குக் குருவாக அமர்த்தப்பெற்றார். சீர்திருத்தச் சபைகளில் இந்தியர் முதன்முதல் எய்திய குருப்பட்டம் இதுவே. ஆயின், பறையர் குலத்தில் தோன்றி உபதேசியாராகப் பெரும்பணியாற்றிய இராசநாயக்கன் என்பார்க்கு அப்பட்டம் வழங்கப்படவில்லை. அவர் கையால் திருவிருந்து பெறப் பிறர் ஒருப்படார் என்பதே தடையாக நின்றது. தஞ்சை வேதநாயக சாத்திரியார் காலத்தும், அஃதாவது 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், இருக்கை வேற்றுமை பற்றிய பூசல் சபைகளில் ஓயவில்லை. எளிய தமிழின் ஆக்கத்தைப் போற்றும் ஆராய்ச்சி இதனை மறைத்தல் நேர்மையாகாது. யாவர்க்கும் விளங்கும் மொழியை உண்டாக்குதல் ஒரு செயல். அம்மொழியால் யாவரையும் ஒருங்கு அமர்த்துதல் பிறிதொரு செயல்.

முடிபு

1845-இல் தரங்கம்பாடி ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. கோயில், பின்னர்ச் செருமானிய லைப்சிக்குச் சங்கத்தின் பொறுப்பிலிருந்து, 1919-இல் அமைந்த தமிழ் சுவிசேட லூத்தரன் திருச்சபையைச் சார்ந்தது. 2004 திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூர் மீனவர் குடியிருப்பைப் பெரிதும் அழித்தது. கோயில் நிலைத்து நின்றது. முகப்பிலுள்ள முடிக்குரிய அரசு இந்நாட்டைவிட்டு நீங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. உள்ளே தமிழ் தொடர்கின்றது. இக்கோயிலை நிலைபெறச் செய்தது மன்னன் முடியன்று, மக்கள் மொழியே என்பது இதனால் தெளியப்படும்.