எல்டர்பெர்ரியைப் பச்சையாகக் குடிக்கலாமா?

சளி, ஃப்ளூ என்றால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல வீடுகளில் எல்டர்பெர்ரி சிரப்தான் கைமருந்து. "இயற்கையானதுதானே, அப்படியே பிழிஞ்சு குடிச்சா என்ன?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, 1983-ல் கலிஃபோர்னியாவின் மான்டரே கவுன்ட்டியில் நடந்த சம்பவத்தை. ஒரு கூட்டத்தில் பழத்தை இலை, கிளையோடு நசுக்கிச் சாறு எடுத்துக் கொடுத்தார்கள். குடித்த கால் மணி நேரத்தில் குமட்டல், வாந்தி. எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள்.

காரணம் சயனோஜெனிக் கிளைகோசைடு. இலை, தண்டு, காய், விதை எல்லாவற்றிலும் உண்டு. நசுக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வெளியாகும். அதன் கொதிநிலை சுமார் 26 டிகிரி செல்சியஸ்தான். மூடாமல் கொதிக்கவிட்டால் ஆவியாகிப் போய்விடும். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறோமே, அதுவும் இதே வகை நஞ்சுக்காகத்தான்.

ஆகவே, செடி இன்னதென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பறியுங்கள். முழுசாகப் பழுத்ததை எடுத்து, காம்பை ஆய்ந்து, திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, விதை போக வடிகட்டுங்கள். தேன் கலந்தால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

பலன் உண்டா? ஃப்ளூ சீக்கிரம் குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. 2020-ல் வெளியான ஆய்வு ஒன்றில் பலன் தெரியவில்லை. அதனால் மூச்சு வாங்கினால் சிரப்பை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.