கிழியும் கித்தானும்: வண்ணப் பென்சிலுக்குச் சீலை பதப்படுத்தல்

'படம்' என்று நாள்தோறும் வழங்குகிறோம். அச்சொல்லின் முதற்பொருள் துணி என்பதைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். துணிமேல் எழுதப்பட்ட உருவம் நாளடைவில் துணியின் பெயரையே பெற்றது. மடலேறும் தலைவன் தலைவியின் உருவெழுதிய கிழியைக் கையிலேந்துவான் என அகப்பொருள் மரபு கூறும். கிழி என்பதும் துணியே.

இன்று அத்துணியைக் கித்தான் என்கிறோம். (மலாய் வழிவந்த 'கித்தா' நம் வட்டாரத்தில் ரப்பரைக் குறிக்கும், அது வேறு.) பிராஸ் பாசா வளாகத்துக் கடைகளில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தான் ஆயத்தமாகக் கிடைக்கிறது. அதன்மேல் வண்ணப் பென்சிலாலோ பேஸ்டலாலோ தீட்டும் மாணவர் விரைவில் சோர்வடைகிறார். நிறம் நெசவின் மேடுகளில் மட்டும் படிகிறது. பள்ளங்கள் வெண்புள்ளிகளாக எஞ்சுகின்றன. அழுத்தினால் துணி உள்வாங்குகிறது. பென்சில் முனை முறிகிறது. தமக்கு வரைய வரவில்லை என்று அவர் முடிவுகட்டுகிறார். குறை கையில் இல்லை, சீலையில் இருக்கிறது. அது தூரிகைக்கும் ஈரவண்ணத்துக்கும் ஏற்பப் பதப்படுத்தப்பட்டது.

இதற்குத் தஞ்சாவூர் ஓவியர் வழி காட்டுகின்றனர். அவர்கள் பலாப்பலகைமேல் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். சுண்ணத்தூளும் பசையும் கலந்த பூச்சைப் பலமுறை இட்டு, உலர்ந்தபின் தேய்த்து வழவழப்பாக்குவர். பலகை துணியை அசையாமல் நிறுத்துகிறது. பூச்சு நெசவின் பள்ளத்தை நிரப்புகிறது. இவ்விரண்டும் நமக்கும் வேண்டும். வழவழப்பு மட்டும் வேண்டா. உலர்நிறம் பற்றிக்கொள்ளப் பிடிப்புத் தேவை.

செய்முறை வருமாறு. கித்தானின் பின்புறத்தில் சட்டத்துக்குள் பொருந்துமாறு கனத்த அட்டையைச் செருகுக. ஜெஸ்ஸோ எனப்படும் வெண்பூச்சை மெல்லியதாக மூன்று நான்கு முறை இடுக. ஒருமுறை நெடுக்காகவும் மறுமுறை குறுக்காகவும் பூசுதல் நன்று. ஒவ்வொரு பூச்சும் நன்கு உலர்ந்தபின், முகக்கவசம் அணிந்து, நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடுக. இறுதிப் பூச்சில் சலவைக்கல் தூளோ நுரைக்கல் தூளோ சிறிதளவு கலந்திடுக. இதனைத் தேய்த்தல் கூடாது. பென்சிலுக்கு மிக நுண்ணிய தூள் போதும். பேஸ்டல் சற்றுப் பருமனானதையும் ஏற்கும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பூச்சு உலர நேரம் கூடுதலாகும், அவசரப்படலாகாது. ஓரத்தில் ஒரு கோடிட்டுப் பார்த்தபின் வரையத் தொடங்குக. முடிந்த பேஸ்டல் ஓவியத்தைக் கண்ணாடி தொடாதவாறு இடைவெளிவிட்டுச் சட்டமிடுதல் வேண்டும்.

பரப்பின் இப்பிடிப்பை ஆங்கிலேயர் 'பல்' என்பர். அதனை அப்படியே பெயர்த்தால் மாணவர்க்கு விளங்காது. இலைமேல் கைக்குத் தட்டுப்படும் நுண்மயிரை நாம் 'சுணை' என்கிறோம். "சீலைக்குச் சுணை போதவில்லை" என்று ஆசிரியர் ஒருமுறை சொன்னால், மாணவர் விரலால் தடவிப் பார்ப்பார். தம் கையைப் பழிப்பதை நிறுத்திவிட்டுச் சீலையைத் திருத்த முற்படுவார். தொழிலுக்கு உரிய சொல் வகுப்பறையில் செய்யும் உதவி இதுவே.